மறைந்த மைதானமும் மறவாத லயமும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறக்குறையப் பாதி வழியில் நாலந்தா என்னும் ஊர் இருக்கிறது. வீதியை விட்டுக் கிழக்கே சிறிது தூரம் உள்ளே சென்றால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் கருங்கல்லால் ஆன சிறியதொரு கோயில் தனியே நிற்கக் காணலாம். 'கெடிகே' என்று அதனை அழைப்பார்கள். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என்று அறிஞர் கருதும் அக்கட்டடம், பல்லவர் கலை மரபில் எழுந்த இந்துக் கோயிலின் உருவமும் பௌத்த வழிபாட்டின் உள்ளமும் ஒன்றாகக் கலந்தது. தமிழும் சிங்களமும் ஒரே கல்லில் கைகோத்து நிற்கும் அரிய காட்சி அது.

ஆனால் அந்தக் கோயில் இன்று நிற்கும் இடத்தில் அது கட்டப்படவில்லை என்பது அங்கே செல்வோரிற் பலர் அறியாத செய்தி. மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, கோயில் இருந்த தாழ்நிலம் நீரில் மூழ்கும் நிலை உண்டாயிற்று. ஆகவே அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கினார்கள். 1980-ஆம் ஆண்டளவில் அவ்வேலை நிறைவெய்தியது. கல் பழையது, இடம் புதியது. இப்போது நாம் வணங்கி நிற்பது அந்தப் பழைய கோயிலையா, அல்லது அதன் கற்களால் ஆன வேறொரு கோயிலையா? பல ஆண்டுகளாக இந்த வினா என் மனத்தை விட்டு அகலாதிருந்தது. அண்மையில், இதற்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு திசையிலிருந்து அதே வினா மீண்டும் வந்து என் கதவைத் தட்டியது. அது கோல்ப் விளையாட்டின் திசை.

கோல்ப் என்றதும் வாசகர் முகஞ் சுளிக்கக் கூடும். அது துரைமாரின் பொழுதுபோக்கு அல்லவா? ஆம், நம் நாட்டுக்கு அதனைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளையர்களே. கொழும்பில் 1879-ஆம் ஆண்டிலும், நுவரெலியாவில் 1889-ஆம் ஆண்டிலும் அவர்கள் கழகங்களை நிறுவினார்கள். மாத்தளையில் வாழும் எமக்கு இன்று அண்மையில் உள்ள கோல்ப் மைதானம், கண்டி மாவட்டத்துத் திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கியபடி 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதாகும். அங்கே மட்டை பிடித்த கைகளைவிட, புல் வெட்டிய கைகளையே எம்மவர் நன்கு அறிவர். எனினும் அவ்விளையாட்டில் ஒரு தனித்தன்மை உண்டு. கிரிக்கெட்டுக்கும் டென்னிசுக்கும் எந்த ஊரிலும் ஒரே அளவான களம் போதும். கோல்ப்புக்கு அப்படியல்ல. அங்கே நிலமே எதிராளி. மேடும் பள்ளமும், மணற்குழியும் ஓடையும், கடற்காற்றும் புல்லின் சாய்வும் சேர்ந்தே ஆட்டத்தை ஆக்குகின்றன. ஆதலால் ஒரு மைதானம் அழிந்தால், ஓர் இடம் மட்டும் அழிவதில்லை. அங்கே மட்டுமே ஆடக்கூடிய ஓர் ஆட்டமும் அதனுடன் அழிகிறது.

இந்த நிலங்களுள் மூத்தது ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரத்துப் பழைய மைதானம். ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள் என்னும் வழக்கம் 1764-இல் அங்கேதான் தோன்றியது. அங்குள்ள மணற்பள்ளங்கள் 112. குழிகள் அமைந்த பசுந்தரைகளுள் ஏழு, இரண்டிரண்டு குழிகளுக்குப் பொதுவானவை. அவ்விரு குழிகளின் இலக்கங்களையும் கூட்டினால் எப்போதும் பதினெட்டே வரும். எந்தச் சிற்பியும் திட்டமிட்டு அமைத்ததன்று அந்த நிலம். காற்றும் ஆடுகளும் மனிதரின் காலடிகளும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து செதுக்கியது. அத்தகைய நிலத்தை வேறோரிடத்தில் மீண்டும் ஆக்கிவிட முடியுமா?

முடியும் என்று துணிந்தவர் ஒருவர் இருந்தார். சார்ல்ஸ் பிளேயர் மக்டொனல்ட் என்பவர் இளமையில் சென் அன்ட்ரூஸ் நகரிற் கல்வி பயின்று, அங்கேயே கோல்ப்பையும் கற்று, பின்பு அமெரிக்கா திரும்பியவர். நடுவயதில் அவர் மீண்டும் பிரித்தானியாவுக்குச் சென்று, புகழ்பெற்ற குழிகளை எல்லாம் ஆராய்ந்து, வரைபடங்களுடன் ஊர் திரும்பினார். அவற்றின் சாயலில் நியூயோர்க்குக்குக் கிழக்கே உள்ள லோங் தீவில் அவர் அமைத்த தேசிய கோல்ப் மைதானம் 1911-இல் முறைப்படி திறக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தின் கரையில் இருந்த குழி, அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் மற்றொரு பிறவி எடுத்தது.

அதே லோங் தீவில், சில ஆண்டுகளின் பின் அவர் அமைத்த மற்றொன்றுக்கு லீடோ என்று பெயர். அது இன்னும் வியப்பானது. அங்கே நிலமே இருக்கவில்லை, சதுப்புத்தான் இருந்தது. கடலடியிலிருந்து ஏறக்குறைய இருபது இலட்சம் கன யார் மணலை இறைத்து வந்து கொட்டி, மேடும் பள்ளமும் யாவும் மனிதரே வகுத்தார்கள். அதன் நான்காவது குழிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சுற்றிச் செல்வது, அச்சமற்றது. மற்றையது நீரின் நடுவே தீவுபோல் கிடந்த ஒரு துண்டு நிலத்தை நம்பிப் பந்தை அடிப்பது, குறுகியது, ஆபத்தானது. கடைசிக் குழியின் அமைப்போ, 'கன்றி லைப்' என்ற ஆங்கிலச் சஞ்சிகை 1914-இல் நடத்திய போட்டியிற் பரிசு பெற்ற ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. அப்பரிசைப் பெற்றவர் அலிஸ்டர் மெக்கன்சி என்னும் மருத்துவர். அவரே பின்னாளில் சென் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தை நுணுக்கமாய் அளந்து, 1924-இல் அதன் புகழ்பெற்ற வரைபடத்தை முடித்தவர். அமெரிக்காவின் ஒகஸ்டா மைதானத்தைப் பொபி ஜோன்சுடன் இணைந்து வகுத்தவர். ஒகஸ்டாவின் முதலாவது பெரும் போட்டி 1934 மார்ச்சில் நடந்தது. அதனைக் காணாமலே அவ்வாண்டு சனவரியில் அவர் மறைந்தார்.

லீடோ 1917-இல் திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த மைதானங்களுள் ஒன்றென்று அறிந்தோர் போற்றினர். ஆனால் அதன் ஆயுள் கால் நூற்றாண்டுதான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அமெரிக்கக் கடற்படை அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. அதன் பின் பழைய லீடோ இல்லை. எஞ்சியவை நிழற்படங்களும் வரைபடங்களும், ஆடியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளுமே.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். சிக்காகோப் பகுதியில் வாழும் பீற்றர் புளோரி என்பவர் மைதானச் சிற்பியல்லர், நிதித்துறையில் தொழில் பார்ப்பவர், கோல்ப்பில் ஆர்வமுடையவர். 'தி கோல்ப் கிளப்' என்னும் கணினி விளையாட்டில், ஆடுவோர் தாமே மைதானங்களை வகுத்துக்கொள்ள ஒரு கருவி உண்டு. விரலால் மண்ணை உயர்த்தலாம், தாழ்த்தலாம், புல்லை விதைக்கலாம், மணலைக் கொட்டலாம். அந்தக் கருவியைக் கொண்டு, மறைந்துபோன லீடோவை மீண்டும் எழுப்ப அவர் முனைந்தார். பழைய நிழற்படங்கள், ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள், பத்திரிகைக் குறிப்புகள் என்று கிடைத்தவை யாவற்றையும் தேடித் திரட்டினார்.

இத்தகைய வேலையின் உயிர்நிலை யாது என்பதை வாசகர் எளிதில் உய்த்துணரலாம். ஒரு பழைய நிழற்படத்தை எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று ஊகித்து, கணினியில் ஆக்கிய நிலத்தில் அதே இடத்தில் நம் கண்ணை நிறுத்திப் பார்க்க வேண்டும். படத்தில் மேட்டின் விளிம்பு அடிவானத்தை எங்கே தொடுகிறதோ, கணினியிலும் அங்கேயே தொட வேண்டும். தொடாவிட்டால் மண்ணைச் சற்று உயர்த்த வேண்டும், அல்லது தாழ்த்த வேண்டும். ஒரு படத்துக்கு ஒத்துவந்தது மற்றொரு படத்துக்கு முரண்படும். இரண்டுக்கும் ஒத்துவரும்வரை ஓய்தல் கூடாது. தச்சன் பலகையை இழைத்து இழைத்துப் பொருத்துவதைப் போன்ற பொறுமை இதற்கு வேண்டும்.

கதை கணினிக்குள்ளேயே முடிந்திருந்தால் நான் இதனை எழுத வந்திருக்கமாட்டேன். விஸ்கொன்சின் மாநிலத்தில் மணற்பாங்கான பெருநிலம் ஒன்றை வைத்திருந்தோர், அங்கே உண்மையான லீடோவை எழுப்பத் துணிந்தார்கள். டொம் டோக் என்னும் பெயர்பெற்ற மைதானச் சிற்பி அப்பணியை ஏற்றார். புளோரியின் கணினி நிலத்தின் உயர அளவுகள், செயற்கைக்கோளின் வழிகாட்டலில் இயங்கும் மண்வெட்டும் பொறிகளுக்கு வழங்கப்பட்டன. விளையாட்டுக்காக ஆக்கிய நிழல் நிலம், மண்ணிலே பதிந்தது. 2023-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. மறைந்து எண்பத்தோராண்டு கழிந்த பின் லீடோ மறுபிறவி எடுத்தது.

ஆயினும் அது லீடோதானா? விஸ்கொன்சினிலே கடல் இல்லை. பழைய லீடோவில் ஆடியவன் முகத்தில் அறைந்த உப்புக் காற்று, அங்கே அறையாது. மேடும் பள்ளமும் அவ்வாறே இருக்க, அவற்றுக்குக் காரணமான கடல் மட்டும் காணாமற் போயிற்று. நாலந்தாக் கோயிலில் கல் வந்தது, இடம் வரவில்லை. இங்கே கல்லும் வரவில்லை, இடமும் வரவில்லை. வடிவம் மட்டுமே வந்தது. இருந்தும் அங்கே ஆடுபவன், நூறாண்டுக்கு முன் ஒருவன் தயங்கி நின்ற அதே இருவழிக் குழியின் முன்னே தயங்கி நிற்கிறான். அதே துணிவா அச்சமா என்று தன்னைக் கேட்கிறான். அந்தத் தயக்கம் போலியன்று. ஓரிடம் நமக்குச் செய்வதை மீண்டும் செய்யுமானால், அந்த அளவுக்கேனும் அவ்விடம் திரும்பி வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

படியெடுத்தலை ஏளனஞ் செய்வோருக்கு எம் மாவட்டத்திலேயே மற்றொரு விடை இருக்கிறது. சீகிரியாக் குன்றின் ஓவிய மங்கையரை 1889-ஆம் ஆண்டில் மறி என்னும் அதிகாரி வண்ணக் கோல்களாற் படியெடுத்தார். பின்பு 1896-97 ஆண்டுகளில், தொல்பொருளாய்வாளர் பெல் அவர்களின் கீழ்ப் பணியாற்றிய டி. ஏ. எல். பெரேரா, செங்குத்தான பாறையில் உயிரைப் பணயம் வைத்து, அவற்றை எண்ணெய் வண்ணத்திற் படியெடுத்தார். 'மூலம் இருக்கையிற் படி எதற்கு?' என்று அன்று சிலர் எண்ணியிருக்கலாம். 1967-ஆம் ஆண்டில் ஒருநாள், எவரோ இரவிற் புகுந்து அந்த ஓவியங்களின்மேற் பச்சை வண்ணத்தை வாரி இறைத்தனர், சிலவற்றைச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மறான்சி வந்து அரும்பாடுபட்டுச் செப்பனிட்டார். அன்றைக்கு விளங்கிற்று படியின் அருமை. மூலம் நலமாய் இருக்கும் காலத்தில் எடுத்த படியே, மூலம் நலிவுற்ற காலத்தில் சாட்சி சொல்லும்.

ஆனால் படியெடுக்க எவருமே வராத இடங்களின் கதி என்ன? இந்தக் கேள்வியை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு.

நாலந்தாவை ஒட்டிச் செல்லும் அதே வடக்குப் பாதையில்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எம் முன்னோர் நடந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். வழியிலேயே கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானோர் பலர். எஞ்சியோர் மலைகளைத் திருத்தினர். கோப்பி அழிந்த பின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வளர்த்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் அமைந்த லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. மேலும் 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 1972-ஆம், 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் கைமாறின. மாத்தளைப் பகுதியிற் பல தோட்டங்கள் துண்டாயின; லயங்கள் பல வெறுமையாயின.

நான் பிறந்த இறப்பர்த் தோட்டமும் அவற்றுள் ஒன்று. 1974-இல் எங்கள் குடும்பம் மாத்தளை நகரின் ஓரத்துக்கு வந்தது; என் தாய்மாமன் குடும்பம் இந்தியா சென்று நீலகிரியின் கோத்தகிரியில் தங்கிற்று. லயங்கள் பின்பு இடிக்கப்பட்டன. இன்று அங்கே போனால் மிளகுக் கொடிகளும் புதிய வீடுகளும் இருக்கின்றன. அவற்றில் வாழ்வோர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர்களும் மண்ணை நம்பிய ஏழைகளே. ஆனால் எங்கள் ஊர் எங்கே இருந்தது என்று சுட்டிக்காட்ட ஒரு கல்லும் அங்கே இல்லை.

லீடோவின் கதையை எனக்குச் சொன்னவன் என் தங்கையின் மகன். பகலில் ஒரு கணக்காளர் அலுவலகத்திற் பணிபுரிபவன்; இரவில் கணினியில் கோல்ப் ஆடுபவன். உண்மையான கோல்ப் மட்டையை அவன் கையாலும் தொட்டதில்லை. மைதானம் வகுக்கும் கருவியைப் பயன்படுத்தி, சென் அன்ட்ரூசின் சில குழிகளைத் தானே ஆக்கிப் பார்த்திருந்தான். மேலைநாடுகளில் விமானத்திலிருந்து ஒளிக்கற்றையைப் பாய்ச்சி நிலத்தின் உயரத்தை அடிக்கணக்கில் அளந்து, அந்த அளவுகளைப் பொதுமக்களுக்கும் வழங்குகிறார்கள். ஆர்வலர்கள் அவற்றைக் கொண்டு மைதானங்களை அச்சொட்டாக ஆக்குகிறார்கள் என்று விளக்கினான். அப்போது நான் கேட்டேன்: "அப்படியானால், எங்கள் தோட்டத்தையும் ஆக்கலாமா?"

"பார்ப்போம், மாமா" என்றான்.

மலையின் வடிவம் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று ரேடார் கருவியால் உலக நிலத்தின் பெரும்பகுதியை அளந்தது. அதன் அளவுகள் எவருக்கும் கிடைக்கக் கூடியவை. ஆனால் அவற்றில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஏறக்குறைய முப்பது மீற்றர். எட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு லயம் முழுவதும் அந்த ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும். விண்ணிலிருந்து பார்த்த கருவிக்கு மலை தெரிந்தது, நாங்கள் தெரியவில்லை. நிழற்படங்கள்? செல்வர் ஆடிய மைதானத்தை விமானத்தில் ஏறிப் படமெடுத்தார்கள். லயத்தை எவர் படமெடுப்பார்? எங்கள் குடும்பத்திடம் இருந்தது ஒரே ஒரு படம். அது என் பெற்றோரின் கலியாணப் படம். அதுவும் நகரத்து ஸ்ரூடியோவில், வரைந்த பூங்காத் திரைக்கு முன்னே எடுத்தது.

எஞ்சியது நினைவு ஒன்றே. என் பெரியம்மாவுக்கு வயது எண்பத்தைந்தை நெருங்குகிறது. அவரைக் கணினியின் முன் அமர்த்தினோம். அவருக்கு அடியும் தெரியாது, மீற்றரும் தெரியாது. "லயத்திலேருந்து பீலி எவ்வளவு தூரம், அம்மாயி?" என்று மருமகன் கேட்டான். "வெத்தலைய மடிச்சு வாயில போட்டா, சாறு எறங்குறதுக்குள்ள போயிருவோம், தம்பி" என்றார். அவன் சிரிக்கவில்லை. வெற்றிலை வாங்கி வந்து கொடுத்து, வீட்டு முற்றத்தில் அவரை நடக்கச் சொல்லி, இளமைக்கால நடையின் வேகத்துக்கு ஏற்பக் கணக்குப் போட்டான். சரிவின் அளவையும் அவர் உடலே சொல்லிற்று. "நெறஞ்ச கொடத்தோட ஏறுறப்ப ரெண்டு எடத்துல நின்னுதான் ஏறணும்" என்றார். அந்த இரண்டு இடங்களிலும் அவன் நிலத்தைச் செங்குத்தாக்கினான்.

ஒருமுறை பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. பலாமரத்தடியில் இருந்த மாரியம்மன் கல், பீலிக்கு இடப்புறம் என்றார் பெரியம்மா. கோத்தகிரி மாமாவோ, தம் பேரன் தொலைபேசியிற் பதிந்து அனுப்பிய குரலில், வலப்புறம் என்று உறுதியாகச் சொன்னார். "தம்பிக்கு வயசாயிருச்சு" என்று பெரியம்மா வருந்தினார். அக்காவுக்கு மறதி வந்துவிட்டதென்று அங்கே மாமா சொன்னாராம். மருமகன் ஒன்றும் பேசாமல், கணினியில் எங்கள் கண்ணைக் கீழ் லயத்தில் நிறுத்தி மேல்நோக்கிப் பார்க்கச் செய்தான். கல் இடப்புறம் இருந்தது. பின்பு மேல் லயத்தில் நிறுத்திக் கீழ்நோக்கிப் பார்க்கச் செய்தான். அதே கல் வலப்புறம் இருந்தது. பெரியம்மா வாழ்க்கைப்பட்டது கீழ் லயத்தில். மாமா வாழ்ந்தது மேல் லயத்தில். ஒருவர் ஏறிப் போய்ப் பார்த்தார். மற்றவர் இறங்கி வந்து பார்த்தார். இருவர் சொன்னதும் மெய்யே. ஐம்பது ஆண்டுகளாகக் கடலுக்கு இருகரையிலும் பிரிந்திருந்த இரு நினைவுகள் ஒரு கல்லில் வந்து பொருந்தின. லீடோவின் நிழற்படங்களைப் பொருத்தியவர் அடைந்த மகிழ்ச்சி எத்தகையது என்பதை அன்று நான் உணர்ந்தேன்.

விளையாட்டுக் கருவிக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. அதில் ஸ்கொத்லாந்துக் கற்சுவர் உண்டு, ஓடம் உண்டு, லயம் இல்லை. கொட்டகைகளை வரிசையாய் ஒட்டவைத்து லயமாக்கினோம். இஸ்தோப்பு அமையவே இல்லை. இறப்பர் மரமும் இல்லை. ஏதோ ஒரு குளிர்நாட்டு மரமே அவ்விடத்தில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கோல்ப் விளையாட்டு. ஆதலால் பந்தை அடிக்க ஓரிடமும், விழுத்தக் கொடி நட்ட ஒரு குழியும் இல்லாவிட்டால் நிலத்தை ஏற்றுக்கொள்ளாது. "கொடியை எங்கே நடலாம், அம்மாயி?" என்று கேட்டான். பெரியம்மா நெடுநேரம் சிந்தித்தார். "பெரட்டுக்களத்துல நடு, தம்பி. விடியக்காலம் எல்லாரும் போய்ச் சேர்ற எடம் அதுதானே" என்றார். அவ்வாறே நட்டான். கங்காணி பெயர் கூப்பிட, மழையிலும் பனியிலும் எம்மவர் வரிசையாய் நின்ற களத்தில், இப்போது ஒரு சிறு கொடி அசைகிறது.

நாங்கள் ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தோம். இருவர் ஒத்துச் சொல்லாத எதனையும் வைப்பதில்லை. கோயிலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எவரும் தெளிவாகச் சொல்லவில்லை; அங்கே வெறும் புல்லே இருக்கிறது. அழகுக்காக ஒரு பூஞ்செடி வைக்கலாமே என்று என் தங்கை சொன்னாள். மருமகன் மறுத்துவிட்டான். அவன் செய்தது முற்றிலும் சரி. ஒரு பொய்ச் செடியை நட்டுவிட்டால், அதைக் காணும் அடுத்த தலைமுறை மாரியம்மன் கல்லையும் நம்பாது. வெற்றிடம், தெரியாது என்பதை நேர்மையாகச் சொல்லும். கற்பனை, தெரியாததையும் தெரிந்ததுபோற் காட்டிவிடும். நாலந்தாவில் கல்லை அடுக்கியவர்களும், சீகிரியாவில் தூரிகை பிடித்தவர்களும் பேணியது இந்த ஒழுக்கத்தைத்தான்.

இதனால் என்ன பயன் என்று கேட்போர் இருக்கலாம். விளையாட்டுப் பொருளில் வீடு கட்டினால் குடியிருக்க முடியுமா? முடியாது. விறகுப் புகையின் மணமும், காமன் கூத்துக் காலத்துத் தப்பின் ஒலியும் அதனுள் இல்லை. மலையகத்தில் இன்றும் லயத்தில் வாழ்வோர், காணியும் தனிவீடும் கேட்டு நிற்கையில், இடிந்த லயத்தை நினைந்து உருகுவது தகுமா என்றும் கேட்கலாம். லயம் போற்றத்தக்க இல்லம் அன்று. அது ஒழியவே வேண்டும். ஆனால் லயம் ஒழிவது வேறு. அங்கே நாங்கள் வாழ்ந்தோம் என்பதே ஒழிவது வேறு. இந்த மண்ணுக்கு நீ எவ்வகையில் உரியவன் என்று கேட்கப்பட்ட மக்களுக்கு, இங்கே இருந்தது எங்கள் பீலி, இங்கே இருந்தது எங்கள் பெரட்டுக்களம் என்று அடியளந்து காட்ட முடிவது சிறிய காரியமன்று.

மாத்தளை நகருக்கு வடக்கே அளுவிகாரை என்னும் தலம் இருக்கிறது. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டியபோது, பௌத்தத் துறவியர் அங்கே கூடி, அதுவரை வாய்வழியாகவே ஓதிவந்த திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. மனனஞ் செய்தவர்கள் மடிந்துபோனால் மறையும் மடிந்துபோகும் என்ற அச்சமே அவர்களை எழுதத் தூண்டிற்று. 1848-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த நூல்நிலையம் அழிக்கப்பட்டது. ஆயினும் எழுதப்பட்டது ஏற்கெனவே எங்கும் பரவியிருந்தமையால் அழியவில்லை. அந்தத் துறவியருக்கு ஓலை. எம்மவருக்கு இன்று கணினி. கருவி எதுவாயினும் அவசரம் ஒன்றே.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மாத்தளையிலும் இறத்தோட்டையிலும் உக்குவளையிலும், கடல் கடந்து நீலகிரியிலும், கைவிடப்பட்ட தோட்டங்களிற் பிறந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கணினி இல்லாவிட்டாற் கவலையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். அவர்களை அருகே அமர்த்தி, லயம் எங்கே, பீலி எங்கே, பிள்ளைக்காம்பரா எங்கே, எந்தக் காம்பராவில் எவர் இருந்தார் என்று கேட்டு வரையுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் ஒத்துப் பாருங்கள். முரண்பட்டால் எவரையும் குறை கூறாமல், அவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேளுங்கள். லீடோ எண்பத்தோராண்டு காத்திருக்க முடிந்தது. ஏனெனில் அதன் படங்கள் பெட்டிகளில் உறங்கின. எம் படங்கள் முதியோரின் நெஞ்சில் இருக்கின்றன. அவர்களால் அத்தனை காலம் காத்திருக்க இயலாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள்.